சவூதியில் அப்பாவுக்குப் பின் மகனா? ஒரு சின்னத் திருத்தம்

சவூதி அரேபியாவில் அரசர் இறந்தால் அவருடைய மூத்த மகன்தான் தானாகவே அடுத்த அரசர், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். தவறாக நினைக்க வேண்டாம், அது சரியில்லை.

அப்பாவிடமிருந்து மகனுக்கு நேராக அரியணை போனது இதுவரை ஒரே ஒரு முறைதான். 1953இல் நாட்டை நிறுவிய அப்துல் அஸீஸ் இறந்ததும் மகன் சவூத் அரசரானார். அப்புறம் 1964இல் ஃபைசல், 1975இல் காலித், 1982இல் ஃபஹ்த், 2005இல் அப்துல்லா, 2015இல் சல்மான் என்று எல்லாமே அண்ணன் தம்பிக்குள்தான் கைமாறியது.

சரிபார்க்க பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இந்த ஆறு பேரின் முழுப் பெயரையும் தேடிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் 'பின் அப்துல் அஸீஸ்' என்று வரும். 'பின்' என்றால் 'இன்னாரின் மகன்'. ஆறு பேருக்கும் ஒரே அப்பா.

சட்டத்தையே பார்க்க வேண்டுமா? 1992இல் வந்த ஆட்சிக்கான அடிப்படைச் சட்டம், 5ஆம் பிரிவு. நிறுவனரின் மகன்கள், பேரன்களில் தகுதியானவர் என்றுதான் இருக்கிறது, மூத்தவர் என்று இல்லை.

இப்போதைய பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் அரசரின் மகன் என்பதால் இந்தக் குழப்பம் வருவது புரிகிறது. ஆனால் அவரை நியமித்தது 2017இல், அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் அரசரின் அண்ணன் மகன் முகம்மது பின் நாயிஃப். அவரும் மூத்த மகன் இல்லை, இவரும் மூத்த மகன் இல்லை. பகிர்ந்தவர்கள் முடிந்தால் பதிவைத் திருத்திவிடுங்கள்.