கை தூக்கச் சொல்லாதீர்கள்

நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். அதையொட்டி ஊர் ஊராக மகளிர் குழுக் கூட்டம் போட்டு, குடும்ப வன்முறை பற்றிப் பேச ஆள் கூப்பிடுவார்கள். பேசப் போகிறவர்கள் தயவுசெய்து ஒன்றை மறக்க வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கிற பெண் ஒரு மணி நேரத்தில் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறாள். மாமியாரும் நாத்தனாரும் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். நம் பேச்சால் அன்றைக்கு ராத்திரி அவளுக்கு ஒரு அடிகூடக் கூடுதலாக விழக் கூடாது.

அதனால் "யார் வீட்டுல அடி விழுது, கை தூக்குங்க" என்று கேட்கவே கேட்காதீர்கள். குழாய் ஸ்பீக்கரும் வேண்டாம். 30 பேருக்குத் தொண்டையே போதும், டீக்கடை வரைக்கும் கேட்க வேண்டியதில்லை. கூட்டத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நோட்டீஸ் கொடுத்தால் அது இடுப்பில் செருகி வீட்டுக்குப் போய் புருஷன் கையில் சிக்கும். பெண்கள் உதவிக்குக் கூப்பிடுகிற 181 என்பது மூன்றே எண். எல்லோரையும் சேர்ந்து மூன்று தடவை சொல்ல வையுங்கள், மனதில் நின்றுவிடும். 181-இல் பேசி முடித்ததும் அந்த அழைப்பைப் போனிலிருந்து அழிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

சட்டப் பிரிவில் தொடங்குகிற பேச்சு ஐந்து நிமிடத்தில் செத்துப்போகும். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் மடியில் சொளவோடு பீடி சுத்துகிற பெண்களிடம் "பீடிக் காசு யார் கைக்குப் போகுது?" என்று தொடங்குங்கள். அடியைப் பற்றிக் கேட்டால் குனிகிற தலை, காசைப் பற்றிக் கேட்டால் நிமிரும். சம்பாதித்ததைப் பிடுங்குவதும், கேட்காமல் நகையை அடகு வைப்பதும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. ஆண்பிள்ளை பெறவில்லை என்று குத்திக்காட்டுவதும் வன்முறைதான். இதைக் கேட்கும்போது பல முகங்கள் மாறும்.

"அடிக்கிற கைதானே அணைக்கும்" என்று ஆச்சி ஒருத்தி சொல்லுவாள். அவளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "அணைக்கிறதுக்கு எதுக்கு ஆச்சி மொதல்ல அடிக்கணும்?" என்று மெல்லக் கேட்டுவிட்டு நகருங்கள்.

"வீட்டை விட்டு வெளியே வா" என்று மேடையில் முழங்குவது பெரிய தப்பு. பெண் கிளம்புகிற நேரம்தான் ஆபத்து கூடுகிற நேரம். சட்டமே அவள் குடியிருக்கிற வீட்டில் தொடர்ந்து இருக்க உரிமை தருகிறது. வீடு புருஷன் பேரில் இருந்தாலும் சரி. அதைச் சொல்லுங்கள். "கேஸ் கொடுத்தா அவர ஜெயில்ல போட்டுருவாங்களே" என்ற பயத்துக்கும் பதில் வேண்டும். இந்தச் சட்டத்தில் முதலில் கிடைப்பது, இனி அவளை அடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் போடுகிற பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் விசாரணையை 3 நாளுக்குள் வைக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும் என்பதையும் மறைக்காதீர்கள். அவள் அம்மா வீட்டில் இருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

எங்கே போக வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். இந்தச் சட்டப்படி அவளுக்கு உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். ஆலங்குளத்தில் பேசும்போது திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸைக் கைகாட்டினால், 2019-இலேயே தென்காசி தனி மாவட்டமாகி ஆலங்குளம் அதற்குள் போய்விட்டதால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவள் வீணாக அலைவாள். இரண்டாம் தடவை கிளம்ப அவளுக்குத் தெம்பு இருக்காது.

பேச்சின் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒதுக்குங்கள். நடப்பது தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. சத்தம் கேட்கும்போது, இரண்டு பேராகப் போய், "மைனி, கொஞ்சம் உறைமோர் இருக்கா?" என்று கதவைத் தட்டினால் ஓங்கின கை பல நேரம் அந்த நொடியில் இறங்கும். அரிவாளோ கம்போ இருந்தால் கிட்டே போகாமல் அவசர எண் 112-ஐக் கூப்பிடுங்கள்.

பேச்சை 15 நிமிடத்தில் முடித்துவிட்டு அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். குழாயடிப் பக்கமாக ஒதுங்கி நின்றால் யாராவது வந்து, "எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு..." என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பிள்ளை யார் என்று கேட்காமல், அந்தப் பிள்ளைக்கே பதில் சொல்லுங்கள்.