பட்டினியாயிருக்கவும் தெரியும்

எங்கள் பக்கம் கிறிஸ்தவர்கள் கார் வாங்கினால் பின்கண்ணாடியில் ஒரு வேதாகம வசனம் ஒட்டுவது வழக்கம். நான் அதிகம் பார்ப்பது பிலிப்பியர் 4:13. ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.’ பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறோம். கடை திறப்பு விழா அழைப்பிதழிலும் அதுதான்.

எனக்கும் உயிரான வசனம் அது. ஆனால் அதற்கு முந்தைய வசனத்தை யாரும் ஒட்டி நான் பார்த்ததில்லை. ‘திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன்’ என்கிறார், பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல். அதைச் சொன்ன கையோடுதான் பெலனைப் பற்றிப் பேசுகிறார். பட்டினி வந்தால் சோர்ந்துபோகாமல் இருக்கவும், வயிறு நிறைந்தால் தேவனை மறக்காமல் இருக்கவும் கிடைத்த பெலன் அது.

அவர் இதை எழுதிய இடம் சிறைக்காவல். அந்தக் காலத்து ரோமச் சிறையில் கைதிக்கு வேளாவேளைக்குச் சோறு வரும் என்று நம்பி உட்கார முடியாது. வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் உதவி கொடுத்தனுப்பினார்கள். வந்த மனுஷன் வியாதிப்பட்டுச் சாகிற நிலைக்குப் போய்ப் பிழைத்தார். அந்த உதவிக்கு நன்றி சொல்லும்போதுதான் பவுல் இதை எழுதுகிறார்: நீங்கள் அனுப்பியது எனக்கு மிகுந்த சந்தோஷம், வராமல் போயிருந்தாலும் என் சந்தோஷம் போயிருக்காது.

பிலிப்பி எப்படிப்பட்ட ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். மக்கெதோனியா ராஜா இரண்டாம் பிலிப்பு கி.மு. 356இல் அந்த இடத்தைப் பிடித்துத் தன் பெயரை வைத்ததற்குப் பக்கத்து மலைகளில் இருந்த பொன் சுரங்கங்கள் பெரிய காரணம். பொன்னால் எழும்பிய பட்டணம். அதே ஊரில்தான், இந்த நிருபத்துக்கு முன்பு, பவுலையும் அவரோடு ஊழியத்துக்கு வந்த சீலாவையும் அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் இரண்டு பேரும் பாடினார்கள். அன்று காவலுக்கு நின்ற சிறைச்சாலைக்காரன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான். நிருபத்தை வாசித்த நாளில் ஒருவேளை அவனும் சபையில் இருந்திருக்கலாம். ‘நான் கற்றுக்கொண்டேன்’ என்று பவுல் சொன்னபோது, எங்கே கற்றார் என்று அந்தச் சபைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது நம் சபைகளின் சாட்சி நேரத்துக்கு வருகிறேன். ‘வாடகை வீட்டில் இருந்தோம், கர்த்தர் சொந்த வீடு கொடுத்தார். பைக்கில் வந்தோம், கார் கொடுத்தார். பையனுக்குக் கனடா விசா கிடைத்தது.’ நன்றி சொல்வதில் ஒரு தப்பும் இல்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் வருஷம் முழுக்க இதையே கேட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, விசா நிராகரிக்கப்பட்டவர், அவர் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்? கர்த்தர் என்னை மறந்துவிட்டார் என்றுதானே? இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். கிடைத்தவர்களுக்கும் இதனால் நல்லது நடக்கவில்லை. புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் முடிந்து பெயின்ட் வாசனை போவதற்குள் கண் அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விடுகிறது. அதற்கும் ஒரு உபவாச ஜெபம்.

என் ஆச்சி வீட்டில் அடுப்படி மூலையில் ஒரு மண்கலயம் இருக்கும். உலை வைக்கும்போது, களைந்து போடுவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். கோயிலுக்கு என்று எடுக்கிற பிடி அரிசி. மழை பொய்த்த வருஷத்தில் வெறும் ரேஷன் அரிசிதான், அப்போதும் போட்டார். அவர் கை சின்னது, ஆனால் பிடியை இறுக்கிப் பிடித்து எடுக்க மாட்டார், விரல் இடுக்கில் அரிசி வழியும். ‘நமக்குக் காணாமப் போயிராதா ஆச்சி?’ என்று கேட்டிருக்கிறேன். ‘நமக்கு அளக்கிறவரு இருக்காருல்லா’ என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தப் பதில் நீதிமொழிகள் 30இல் இருந்து வந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ‘தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக; என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்’ என்று அந்த அதிகாரத்தைச் சொன்ன ஆகூர் ஜெபிக்கிறான். தரித்திரம் வேண்டாம் என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். ஐசுவரியம் வேண்டாம் என்று கேட்கிற ஜெபத்தை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறை, ஒரே படுக்கை. அங்கிருந்துதான் எத்தனையோ புத்தகங்கள் எழுதினார். கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்தார்கள். திருநெல்வேலிக்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ‘போதுமென்கிற மன’த்தை ஏழைகளின் தலையில் கட்டுகிற பிரசங்கம் எனக்குப் பிடிக்காது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன்னிடம் வேலை செய்கிறவருக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு, ‘உள்ளது போதுமென்று இரு தம்பி’ என்று சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. சம்பள உயர்வு கேளுங்கள், பிள்ளைகளை நன்றாகப் படிக்க வையுங்கள், வீடும் கட்டுங்கள். அவை வந்தால்தான் சமாதானம் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

‘நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை.’ வருஷப் பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருகிற வசனம். எபிரெயர் 13:5ஐத் திறந்து முழுதாக வாசியுங்கள். ‘நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்’ என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணமாகத்தான் இந்த வாக்கைக் கொடுக்கிறது. வீடு கைமாறும், உடம்பு தளரும், சேமிப்பு ஆஸ்பத்திரி பில்லில் கரையும். இயேசு கூடவே இருக்கிறார். ஆச்சிக்கு அது போதுமானதாக இருந்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆகவே சபைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். வருகிற டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வேலை போன அண்ணனையும், டயாலிசிஸுக்குப் போய்வருகிற அக்காவையும் சாட்சி சொல்லக் கூப்பிடுங்கள். இன்னும் ஒன்றும் மாறாத நிலையில் எப்படி ஜெபிக்கிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்று அவர்கள் சொல்லட்டும். எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். உங்கள் சபையிலும் கேட்டுப் பாருங்கள்.