டுபாயில் நிற்பது அந்தக் கப்பல் இல்லை

உலகப்போர்க் காலத்தில் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த குயின் எலிசபெத் கப்பல்தான் இப்போது டுபாயில் ஹோட்டலாக நிற்கிறது என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இருக்க வழியே இல்லை அண்ணே. டுபாயில் நிற்பது குயின் எலிசபெத் 2. அதைக் கடலில் இறக்கியதே 1967இல்தான்.

போர்க்காலக் கப்பல் 1938இல் இறக்கப்பட்டது. சாம்பல் நிறம் பூசி, 1940 மார்ச்சில் யாருக்கும் தெரியாமல் நியூயோர்க்குக்கு ஓடியது. பிறகு அவுஸ்திரேலியப் படைகளைச் சூயசுக்கு ஏற்றியது. பயணிகளோடு அது ஒழுங்காக அத்லாந்திக்கில் ஓடத் தொடங்கியது 1946இல். கடைசியில் ஒரு ஹொங்கொங் முதலாளி மிதக்கும் பல்கலைக்கழகமாக்க வாங்கினார். வேலை முடியும் தறுவாயில், 1972 ஜனவரியில், ஹொங்கொங் துறைமுகத்திலேயே தீப்பிடித்துச் சரிந்துவிட்டது. பாவம்.

குழப்பம் வருவதும் நியாயம்தான். குயின் எலிசபெத் 2-உம் போருக்குப் போனது, ஆனால் 1982இல், போக்லாந்துத் தீவுகளுக்காக பிரித்தானியாவும் ஆர்ஜென்டீனாவும் மோதியபோது, சுமார் 3,000 படையினரோடு. நீராவியில் ஓடிய அதற்கு 1986–87இல் டீசல் இயந்திரங்கள் பூட்டினார்கள். 2008இல் ஓய்வு, அப்புறம் பத்து வருசம் சும்மா கிடந்து 2018இல்தான் ஹோட்டலாகத் திறந்தது.