அந்தியேட்டிக்குப் பழைய கசெற் போட நினைப்பவர்களுக்கு

காலஞ்சென்ற நண்பரோடு கேட்ட கசெற்றுகளைத் தேடியெடுத்து அந்தியேட்டி (இறந்தவருக்குச் செய்யும் சடங்கு) வீட்டில் போடலாம் என்று நினைப்பீங்கள். நல்ல யோசனைதான். ஆனால் எடுத்த கையோடு றெக்கோடருக்குள் தள்ளிவிடாதேங்கோ.

முதலில் வெளிச்சத்தில் பிடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கோ. வெள்ளையாய்ப் பூத்திருந்தால் பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் றெக்கோடருக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் போகும். சுத்தமாயிருந்தாலும் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றிய பிறகே பாடவிடவேணும். சி-90 (90 நிமிட) நாடா மெல்லியது, இறுகிக் கிடந்தால் இழுபட்டு அறும். சத்தம் அமுங்கிக் கேட்டால், நடுவில் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருக்கலாம். வேறொரு கசெற்றிலிருந்து கழற்றி மாற்றலாம். மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கோ, தவறிப் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அமத்தினாலும் அழியாது.

கம்பியூட்டரில் ஏற்றும்போது 44.1 கிலோஹேர்ட்ஸில் வேவ் (WAV) கோப்பாய்ப் பதியுங்கோ, சத்தத்தின் உச்சம் -6 டெசிபெலுக்குள் நிற்கவேணும். மூலப் பிரதியில் இரைச்சல் நீக்கியைத் தொடவேண்டாம். தொட்டால், பாட்டுக்கு முன்னால் மெல்லக் கேட்கும் இருமலும் "பொறு, பொறு" என்ற குரலும்தான் முதலில் தேயும்.

90களில் போர்க்கால யாழ்ப்பாணத்தில் பற்றறிக்குத் தடை, கரண்டும் இல்லை. றெக்கோடரைச் சைக்கிள் டைனமோவில் ஓட்டிப் பதிந்தவை இருந்தால் சுருதியையும் திருத்தாதேங்கோ. பாட்டு திடீரென்று வேகமாய்க் கீச்சிடும் இடம், மிதித்தவரின் கால் தளர்ந்த இடம்.