ஐந்து பேருக்கும் ரூட்டை மாற்றாதீர்கள்

மேடன் என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமை ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டு வருகிறது. பிளேயை, அதாவது அடுத்த முயற்சிக்கான திட்டத்தை, தேர்ந்தெடுத்து வரிசையில் வந்து நின்றதும் விரல்கள் தாமாக வேலையைத் தொடங்கிவிடும். முக்கோணப் பொத்தான், ஒரு ரிசீவர், ஸ்டிக்கில் ஒரு தள்ளு. மறுபடி முக்கோணம், அடுத்த ரிசீவர், இன்னொரு தள்ளு. பந்து ஸ்நாப் ஆவதற்குள், அதாவது பந்து கைமாறி பிளே தொடங்குவதற்குள், நான்கைந்து பேருடைய ஓட்டப்பாதை மாறியிருக்கும். ஏன் மாற்றினாய் என்று கேட்டால், யூடியூபில் ஒருத்தர் இப்படித்தான் செய்தார் என்று பதில் வரும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. இப்படிப் பாதையை மாற்றும் ஹாட் ரூட் இந்த விளையாட்டிலேயே மிக அழகான கருவி. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகு, அதற்கு ஏற்ப ஒரு ரிசீவரின் பாதையை மாற்றுவதற்காக இருப்பது அது. எதிரணியைப் பார்க்காமலே மாற்றுகிறவருக்கு அந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை. ஒரு ஸ்நாப்புக்கு ஒரு மாற்றம், மிஞ்சிப்போனால் இரண்டு. இதுதான் என் கட்சி.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் (முயற்சிக்குப் பெயர் டவுன்) 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். குவாட்டர்பேக் பந்தை வீசுவார். அதைப் பிடிக்க ஓடும் ஒவ்வொரு ரிசீவருக்கும் முன்கூட்டியே ஒரு பாதை வரைந்து வைத்திருப்பார்கள். அதுதான் ரூட்.

இந்த ரூட்டுகளைத் தனித்தனியாக யாரும் வரைவதில்லை. ஒருவன் ஓடுவது பெரும்பாலும் இன்னொருவனுக்காகத்தான். வலது பக்கம் மூன்று ரிசீவர்கள் நிற்கும் டிரிப்ஸ் ஃபார்மேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்பவன் நேராக ஆழத்துக்கு ஓடுகிறான். நடுவில் நிற்பவன் சுமார் 12 கெஜம் போய் ஓரக்கோட்டை நோக்கிச் சாய்ந்து ஓடுகிறான், அது கார்னர் ரூட். உள்ளே நிற்பவன் குட்டையாக ஃபிளாட்டுக்கு, அதாவது முன்பக்கத்து ஓரப்பகுதிக்கு, போகிறான். எதிரணி கவர் 3 ஆடுகிறது என்று வையுங்கள். அதாவது ஆழத்தை மூன்று பேர் பங்கு போட்டுக் காக்கிறார்கள். வெளி ரிசீவர் ஆழத்துக்கு ஓடும்போது அந்தப் பக்கத்து ஓரத்தைக் காக்கும் கார்னர்பேக் அவனோடு போயே ஆகவேண்டும். அவன் காலிசெய்த இடத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு டிஃபெண்டர். அவன் முன்னால் நம் ஆட்கள் இரண்டு பேர். அவன் பின்வாங்கினால் ஃபிளாட்டுக்கு வீசலாம். முன்னே வந்தால் அவன் தலைக்கு மேலே கார்னர் ரூட்டுக்கு வீசலாம். எது செய்தாலும் அவன் தவறுகிறான்.

இப்போது அந்த வெளி ரிசீவரைக் காரணமில்லாமல் கர்லுக்கு, அதாவது கொஞ்சதூரம் ஓடித் திரும்பி நிற்கும் ரூட்டுக்கு, மாற்றிப் பாருங்கள். கார்னர்பேக்கை ஆழத்துக்கு இழுக்க ஆளே இல்லை. அவன் நிதானமாகப் பின்னால் நின்றுகொண்டு, கார்னர் ரூட்டுக்கு வரும் பந்துக்காகக் காத்திருப்பான். இன்டர்செப்ஷன் ஆனதும், அதாவது பந்தை எதிரணி பிடித்ததும், கேம் ஏமாற்றுகிறது என்று கத்துகிறார்கள். கேம் ஏமாற்றவில்லை. அந்தக் கார்னர்பேக்கை வேலையில்லாமல் நிற்கவைத்தது அந்தக் கர்ல்தான்.

அதே கர்ல் இன்னொரு நேரத்தில் தங்கமான மாற்றம். எதிரணி கவர் 2 ஆடினால் ஆழத்தில் இரண்டு சேஃப்டிகள் (கடைசிக் காவலர்கள்) பாதிப் பாதியாகக் காப்பார்கள், கார்னர்பேக் முன்னால் குட்டையாக உட்கார்ந்திருப்பான். இப்போது வெளி ரிசீவரை நேராக ஓடவிட்டால், சேஃப்டி அவனைப் பார்த்துக்கொண்டே கார்னர் ரூட்டின் பக்கமும் நகர்ந்துவிடுவான். வெளி ரிசீவரைக் கர்லுக்கு மாற்றினால் கார்னர்பேக் அங்கேயே மாட்டிக்கொள்வான். அவனுக்குப் பின்னாலும் சேஃப்டிக்கு முன்னாலும் ஓரக்கோட்டை ஒட்டி ஒரு காலியிடம் திறக்கும். கார்னர் ரூட் நேராக அங்கேதான் போகிறது. பிளே அதேதான், மாறியது ஒரே ஒரு ரிசீவரின் பாதை. இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் (நேர் ஓட்டம்) கவர் 3-க்கு விடை, கீழே இழுத்தால் (கர்ல்) கவர் 2-க்கு விடை. இந்த ஒன்றை உள்வாங்கிக்கொண்டால் பாதி ஆட்டம் கைக்குள் வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எந்த கவரேஜ் என்று எப்படித் தெரியும்? ஸ்நாப்புக்கு முன்னால் சேஃப்டிகளை எண்ணுங்கள். நடுவில் ஒருவன் மட்டும் ஆழத்தில் நின்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது 3. இரண்டு பேர் பிரிந்து நின்றால் 2 அல்லது 4. ஒரு ரிசீவரைக் குறுக்கே மோஷனில் அனுப்புங்கள். ஒரு டிஃபெண்டர் அவன் பின்னாலேயே ஓடிவந்தால் அநேகமாக மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் காவல்), மற்றவர்கள் இரண்டடி நகர்ந்து நின்றுவிட்டால் ஸோன் (இடத்துக்குக் காவல்). நன்றாக ஆடுகிறவர்கள் இதை மறைப்பார்கள், இரண்டு சேஃப்டி காட்டிவிட்டு ஸ்நாப் ஆனதும் ஒருவனை இறக்கிவிடுவார்கள். அதனால் பந்து கைக்கு வந்த முதல் நொடியிலும் சேஃப்டியைப் பார்க்க வேண்டும். ஐந்து ரூட்டையும் மாற்றிவிட்டு நிற்கிறவரால் அந்த நொடியில் தன் ஆட்கள் எங்கே ஓடுகிறார்கள் என்பதையே நினைவில் வைக்க முடியாது, அப்புறம் சேஃப்டியை எங்கே பார்ப்பது?

பிளே தேர்வு பற்றியும் ஒன்று. ஹாட் ரூட் பட்டியலில் எல்லோருக்கும் சாதாரணமாகக் கிடைப்பவை நேர் ஓட்டம், கர்ல், ஸ்லாண்ட் (உடனே உள்ளே சாய்ந்து ஓடுவது), உள்ளே வெளியே திரும்பும் ரூட்டுகள், ஃபேட் போன்றவைதான். கார்னர், போஸ்ட் (ஆழத்தில் நடுவை நோக்கிச் சாய்வது) மாதிரியானவற்றைக் கூடுதலாகச் சேர்க்க, மேடன் 20-இல் வந்த சூப்பர்ஸ்டார் திறன்களில் ஹாட் ரூட் மாஸ்டர் போன்ற ஏதாவது வேண்டும். ஆகவே பொத்தானால் தர முடியாத ரூட் எந்த பிளேயில் ஏற்கெனவே வரைந்திருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். எளிதாகத் தர முடிந்ததைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரைந்திருந்த அருமையான போஸ்ட் ரூட்டை அழித்துவிட்டு நேர் ஓட்டமாக்குகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

ஸ்மார்ட் ரூட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். ஹாட் ரூட்டில் வலது ஸ்டிக்கைக் கீழே இழுத்தால், அந்த ரிசீவர் தன் ரூட்டின் திருப்பத்தை முதல் டவுன் கோட்டை, அதாவது அந்த 10 கெஜம் முடியும் இடத்தை, ஒட்டி அமைத்துக்கொள்வான். மூன்றாவது டவுன், 7 கெஜம் பாக்கி, கையில் இருப்பதோ 5 கெஜத்தில் திரும்பும் ரூட் என்றால் இதைவிட நல்ல மாற்றம் கிடையாது. 15 கெஜம் பாக்கி இருக்கும்போது இதையே செய்தால் அவன் அங்கே போய்த் திரும்புவதற்குள் உங்கள் குவாட்டர்பேக் தரையில் கிடப்பார். 2024-இல் வந்த காலேஜ் ஃபுட்பால் 25-இல் ரூட்டின் முதல் நேர்ப்பகுதியையே நீட்டவும் குறுக்கவும் வசதி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை அது. ரூட்டின் வடிவத்தைக் கெடுக்காமல் ஆழத்தை மட்டும் மாற்றலாம்.

பிளிட்ஸுக்கு, அதாவது எதிரணி கூடுதல் ஆட்களைக் குவாட்டர்பேக் மேல் பாயவிடும்போது, வேறு கணக்கு. உங்களைக் காப்பது ஐந்து லைன்மேன்கள். ரன்னிங் பேக்கையும் தடுக்க நிறுத்தினால் ஆறு பேர். ஏழு பேர் பாய்ந்து வந்தால் ஒருவன் தடுப்பார் இல்லாமல் வருவான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஏழு பேர் பாய்ந்தால் பின்னால் மிச்சம் நான்கே பேர். எந்த இடத்திலிருந்து கிளம்பி வந்தார்களோ அந்த இடம் காலி. அங்கே ஒரு ஸ்லாண்ட் போதும். ரன்னிங் பேக் தடுக்க, பக்கத்து ரிசீவர் ஸ்லாண்ட் ஓட: நான் இரண்டு மாற்றம் செய்வது பெரும்பாலும் இந்த ஒரு நிலைமையில்தான்.

இந்தக் கணக்கு கேமில் வேலை செய்வதற்கு ஜான் மேடனுக்கு நன்றி சொல்லவேண்டும். முதல் பதிப்பு 1988-இல் வந்தது. அன்றைய கணினிகளின் திறனை உத்தேசித்து ஆட்களைக் குறைத்து ஆடலாம் என்ற பேச்சு வந்தபோது, அணிக்கு 11 பேர் இல்லாவிட்டால் என் பெயர் வேண்டாம் என்று நின்றவர் அவர். ரெய்டர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்றவர் சொன்னதால் கேட்டார்கள். ஏழுக்கு ஏழு ஆட்டமாக இருந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.

எதிர்வாதம் ஒன்று அடிக்கடி கேட்கிறது. நிறைய மாற்றினால் எதிராளி குழம்புவான் என்கிறார்கள். எதிராளி ஒரு நேரத்தில் ஓட்டுவது ஒரே ஒரு டிஃபெண்டரை. மற்ற பத்துப் பேரும் கம்ப்யூட்டர். நீங்கள் எத்தனை பொத்தான் அழுத்தினீர்கள் என்று அவர்கள் எண்ணுவதில்லை. ஒருவன் பொறுப்பில் இருக்கும் இடத்துக்கு இரண்டு பேர் வந்தால்தான் அவர்கள் திணறுவார்கள். எதிராளி ஓட்டும் அந்த ஒருவன் அநேகமாக நடுவில் அலைவான். அவன் கண்முன்னால் ஒருவனைக் குட்டையாகக் குறுக்கே ஓடவிட்டால் அவனும் அதில் சிக்குவான். அதற்கும் ஒரு மாற்றமே போதும்.

நிஜ ஆட்டத்துக்கு வந்தால், வரிசையில் நின்று மாற்றுவதில் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங்கை மிஞ்ச ஆளில்லை. 2013-இல் டென்வருக்காக 55 டச் டவுன் பாஸ், 5,477 கெஜம். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போடுவதைப் பார்த்துப் பலர் எல்லாவற்றையும் மாற்றுகிறார் என்று நினைத்தார்கள். ஆனால் அதற்கு முன் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் பயிற்சியாளர் டாம் மூர் அவருக்கு அமைத்துக் கொடுத்த ஆட்டம் லீகிலேயே சிக்கனமானவற்றில் ஒன்று. ரிசீவர்களில் மார்வின் ஹாரிசன் பெரும்பாலும் வலப்பக்கம், ரெஜி வெய்ன் இடப்பக்கம், கொஞ்சமே பிளேகள். அந்தக் கொஞ்சத்தை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருந்ததால்தான் எதை மாற்றவேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்தது.

செய்துபார்க்க விரும்புகிறவர்கள் பயிற்சி மோடில் ஒரே ஒரு டிரிப்ஸ் பிளேயை எடுங்கள், கார்னர் ரூட் உள்ளதாக. எதிரணிக்கு முதலில் கவர் 3 மட்டும், பிறகு கவர் 2 மட்டும். அப்புறம் இரண்டையும் கலந்து வரவிட்டு, வெளி ரிசீவர் ஒருவனை மட்டும் மாற்றுங்கள், மற்றவர்களைத் தொடவே வேண்டாம். சேஃப்டியைப் பார்த்ததும் கட்டைவிரல் மேலேயா கீழேயா என்று தயங்காமல் போகும்வரை இரண்டாவது பிளேக்குப் போகாதீர்கள்.