முதல் ஆல்பம் என்ன, நுழைவுத் தேர்வா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாம்பனில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பாலிடெக்னிக் படிக்கிற பையன். "அண்ணே, ஐன்ஷ்டூர்ட்சென்டே நொய்பௌட்டன்னு பேசிக்கிறீங்களே, முதல்ல எதைக் கேக்கணும்?" என்று கேட்டான். இரும்பையும் தகரத்தையும் தட்டி இசை செய்கிற பெர்லின் குழு அது. அவன் கேட்டது அவ்வளவுதான். நம்ம அண்ணன் ஒருவர் ஹெட்போனை அவன் காதில் மாட்டி, அந்தக் குழுவின் முதல் ஆல்பமான, 1981இல் வந்த 'கொல்லாப்ஸ்'ஸை முழுச் சத்தத்தில் வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பையன் கழற்றிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். "இது உனக்கு ஆகாதுடா, நீ குத்துப்பாட்டே கேளு" என்றார் அண்ணன். பையன் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முதலில் வெளிவந்த ஆல்பத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எவன் சொன்னது? பதினைந்து வருஷமாக இந்தக் குழுவைக் கேட்கிறேன். எனக்குக் 'கொல்லாப்ஸ்' உயிர். ஆனால் புதிதாக வருகிறவனுக்கு அதைக் கொடுக்க மாட்டேன். நீச்சல் தெரியாத பிள்ளையைக் கச்சான் காற்று நேரத்திலா கடலில் இறக்குவீர்கள்?

நான் கொடுப்பது 2000இல் வந்த 'சைலன்ஸ் இஸ் செக்ஸி'. 'சப்ரினா' என்று மெதுவாகத் தொடங்கும். தலைப்புப் பாட்டுக்குள் பாடகர் பிளிக்ஸா பார்கெல்ட் சிகரெட் பற்ற வைத்து இழுக்கிற சத்தம் கேட்கும், பிறகு மௌனம். அந்த மௌனத்தில் காது தானாகத் திறக்கும். அப்புறம் 'ரெடுக்ட்'. தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போய், திடீரென்று வெடிக்கும். இரும்பும் மௌனமும் சேர்ந்து என்ன செய்யும் என்று அந்தப் பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். அதன் பிறகு 1985இன் 'ஹால்பர் மென்ஷ்'. தலைப்புப் பாட்டில் கருவியே கிடையாது, கூட்டுக் குரல்கள் மட்டும். அதையும் தாண்டி வந்தவனுக்குக் 'கொல்லாப்ஸ்' இனிக்கும்.

"வரிசையாகக் கேட்டால்தானே வளர்ச்சி புரியும்" என்பீர்கள். சரி, புரியும். பையன் வரலாறு கேட்கவில்லையே, வாசல் எங்கே என்றுதானே கேட்டான்?

"'சைலன்ஸ்' நீர்த்துப்போன ஆல்பம்" என்றும் ஒரு பேச்சு வரும். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இருபது வருஷம் ஒரே சுத்தியலை ஒரே தகரத்தில் அடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் துணிச்சலா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்தப் பையன் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். சென்னை ஹாஸ்டலில் ஒரு சீனியர் இதே ஆல்பத்தை, இதே மாதிரி, என் காதில் வைத்தார். நான் முகம் சுளித்ததும், "கருவாட்டு ஊர்க்காரனுக்கு எதுக்குடா பெர்லின்?" என்றார். அறையே சிரித்தது. நாலு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த நாலு வருஷத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

பிறகு ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கட்டிக் கிடந்த ஒரு ராத்திரி, தங்கச்சிமடம் வீட்டுத் திண்ணையில் தற்செயலாக 'சைலன்ஸ்' கேட்டேன். 'ரெடுக்ட்' ஓடும்போது அப்பா வந்து உட்கார்ந்தார். "என்னடா இது, பழைய பாலத்துல ரயில் ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். எழுந்து போகவில்லை. கடைசிவரை கேட்டார்.

அப்பா சொன்னது சும்மா இல்லை. 1980இல், குழு தொடங்கிய அதே வருஷம், இவர்கள் பெர்லினில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உட்கூட்டுக்குள் புகுந்து தட்டிப் பதிவு செய்தவர்கள். குழுவின் தாளக்காரர் ஊன்ரூ, கையில் காசில்லாமல் டிரம்ஸை விற்றுவிட்டுக் கிடைத்த இரும்பைத் தட்டத் தொடங்கியவர். இல்லாதவன் கையிலிருந்து வந்த இசை அண்ணே இது! 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்கிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விடியற்காலையில் ஜெட்டியில் ஐஸ் உடைக்கிற மெஷின், வல்லத்து எஞ்சின், படகுப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடிக்கிற சத்தம், எல்லாம் நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் கரைப் பிள்ளையைப் பார்த்தா "உனக்கு ஆகாது" என்றீர்கள்? வெளியூர்க்காரன் சொன்னபோது வலித்தது. நம் ஊர்க்காரரே சொல்லும்போது அதைவிட வலிக்கிறது.

"விளையாட்டுக்குச் செய்தோம், பெரிசாக்காதே" என்று நேற்று போனில் சொன்னீர்கள். பையன் சிரிக்கவில்லை. அவன் போகும்போது முகத்தைப் பார்த்தவன் நான்.

அண்ணே, அவன் வீடு உங்களுக்குத் தெரியும். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால், சனிக்கிழமை தங்கச்சிமடம் வா. திண்ணை இருக்கிறது, ஹெட்போன் இருக்கிறது. சத்தத்தை எவ்வளவு வைப்பது என்று நீயே முடிவு செய். 'சப்ரினா'விலிருந்து தொடங்கலாம்.