புளியோதரையும் ஐந்தாம் நம்பர் பிக்கும்

இடம்: பிட்ஸ்பர்க், பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில் கேன்டீன்.
நாள்: 2025 ஏப்ரல் 27, ஞாயிறு. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் டிராஃப்ட் முடிந்து ஒரு ராத்திரிதான் ஆகிறது.

சொக்கலிங்கம், ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்துவாசி, அந்த ஊர் அணி பிரவுன்ஸின் பக்தர். முருகேசன், உள்ளூர், பிட்ஸ்பர்க் அணி ஸ்டீலர்ஸ் கட்சி. முருகேசன் கட்டியிருப்பது சொக்கலிங்கத்தின் தங்கையை. வீட்டுப் பெண்கள் சன்னதி வரிசையில் நிற்க, இவர்கள் இருவரும் தட்டோடு ஒரு மூலையைப் பிடித்துவிட்டார்கள்.

(டிராஃப்ட் தெரியாதவர்களுக்கு: கல்லூரியில் ஆடிய பையன்களை 32 அணிகளும் வரிசை போட்டு எடுத்துக்கொள்ளும் மூன்று நாள் வைபவம். ஒவ்வொரு தேர்வும் ஒரு 'பிக்'. ஏழு சுற்று, இந்த வருடம் 257 பேர். போன வருடம் மோசமாக ஆடியவனுக்கு முதல் பந்தி. அந்த வகையில் பிரவுன்ஸுக்கு இலை சீக்கிரமே விழுந்துவிடும். சோறுதான் உள்ளே இறங்குவதில்லை.)

முருகேசன்: வாங்க மச்சான். முகத்துல என்ன இவ்வளவு களை? மூணு ஜெயிச்சு பதினாலு தோத்த அணிக்காரர் மாதிரியே இல்லையே.

சொக்கலிங்கம்: அது பழைய கணக்கு மாப்ள. டிராஃப்ட் முடிஞ்சா புது நோட்டு. இன்னைக்கு நாங்களும் சைபர், நீங்களும் சைபர்.

முருகேசன்: 2017-ல பதினாறு ஆட்டமும் முடிஞ்ச பிறகும் நீங்க சைபர்லயே நின்னீங்களே, அந்த நோட்டா?

சொக்கலிங்கம்: சாப்பிடும்போது அபசகுனமாப் பேசாதீங்க. மூணு வருஷ விரதம் முடிச்சு வந்திருக்கேன். 2022, 23, 24, மூணு வருஷத்து முதல் ரவுண்டு பிக்கையும் டெஷான் வாட்சன்ங்கிற குவார்ட்டர்பேக்குக்காக, அதான் பந்தை எறியுற ஆளுக்காக, ஹூஸ்டன்காரன்கிட்ட எழுதிக் குடுத்துட்டாங்க. முதல் ரவுண்டுல எங்க பேரு வந்து நாலு வருஷமாச்சு.

முருகேசன்: பிக்கும் குடுத்து, 230 மில்லியன் டாலரும் முழு உத்தரவாதமாக் குடுத்தீங்க. சீரும் குடுத்து வீட்டையும் எழுதி வச்ச மாமனார் உங்க ஓனர்தான். அது போகட்டும். விரதம் முடிக்கிறவன் இரண்டாம் நம்பர்ல டிராவிஸ் ஹண்டர் இலையில இருக்கும்போது, அதைப் பக்கத்துப் பந்திக்குத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போவானா? காலேஜ் ஆட்டத்துல சிறந்தவன்னு ஹைஸ்மன் விருது வாங்கின பையன். பந்து பிடிக்கவும் ஆடுவான், தடுக்கவும் ஆடுவான். ஒரு சம்பளத்துக்கு ரெண்டு ஆள்!

சொக்கலிங்கம்: மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி மாப்ள. பதினேழு ஆட்டம் ரெண்டு பக்கமும் ஆடினா உடம்பு என்னத்துக்கு ஆகும்? அந்த டிஷ்யூவ எடுங்க, கணக்குப் போட்டுக் காட்டுறேன்.

(டிஷ்யூவில் ஏற்கெனவே புளியோதரை எண்ணெய் ஊறியிருக்கிறது. பேனா வழுக்குகிறது.)

சொக்கலிங்கம்: டாலஸ் கோச் ஜிம்மி ஜான்சன் பேருல ஒரு பழைய அட்டவணை இருக்கு, தெரியுமில்ல? முதல் பிக்குக்கு 3000 புள்ளி. இரண்டாவதுக்கு 2600. ஐந்தாவதுக்கு 1700. முப்பத்தாறாவதுக்கு 540. நாங்க ஜாக்சன்வில்லுக்கு இரண்டாவதைக் குடுத்து ஐந்தையும் முப்பத்தாறையும் வாங்கினோம். கூட்டுங்க.

முருகேசன்: 2240. முந்நூத்தி அறுபது நஷ்டம்.

சொக்கலிங்கம்: அவசரப்படாதீங்க. கூடவே அவனோட 2026 முதல் ரவுண்டு பிக். அடுத்த வருஷத்து பிக்கை ஒரு ரவுண்டு கீழ வச்சு மதிப்புப் போடுறது சம்பிரதாயம். இரண்டாம் ரவுண்டு நடுவுல, நாற்பத்தெட்டாவது இடம்னு வச்சா 420. இப்ப யாருக்கு லாபம்?

முருகேசன்: கடைசி ரவுண்டுகள்ல கைமாறின சில்லறையை விட்டுட்டீங்க. நீங்க 104-ம் 200-ம் குடுத்தீங்க, 126 வாங்கினீங்க.

சொக்கலிங்கம்: சில்லறையைச் சேர்த்தா சரிக்குச் சரி. ஆனா அந்த 420-ங்கிறது இன்னைக்கு மதிப்பு. ஜாக்சன்வில் அடுத்த வருஷம் மண்ணக் கவ்வினா அதுவே 1700, 2600-னு ஏறும். அதனால இனிமே எனக்கு ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு வேலை. பிரவுன்ஸ் ஜெயிக்கணும்னு ஒரு வேண்டுதல், ஜாக்சன்வில் தோக்கணும்னு ஒரு வேண்டுதல்.

முருகேசன்: ரெண்டுல ஒண்ணாவது பலிக்கும்னு பார்க்குறீங்க. சரி, ஐந்தாவதுல யாரை எடுத்தீங்க?

சொக்கலிங்கம்: (குரல் இறங்குகிறது) மேசன் கிரஹாம். டிஃபென்சிவ் டாக்கிள், தடுப்பு வரிசைக்கு நடுவுல நிக்கிறவன்.

முருகேசன்: எந்தக் காலேஜ்?

சொக்கலிங்கம்: நல்ல காலேஜ்.

முருகேசன்: எந்தக் காலேஜ் மச்சான்?

சொக்கலிங்கம்: ...மிச்சிகன்.

முருகேசன்: (தட்டைக் கீழே வைத்துவிட்டு) உங்க ஒஹையோ ஸ்டேட் காலேஜ் வளாகத்துல மிச்சிகனோட மேட்ச் வாரம் வந்தா 'எம்' எழுத்து இருக்கிற பலகைக்கெல்லாம் டேப் ஒட்டி மறைப்பானுங்க. போன நவம்பர்ல உங்க சொந்த மண்ணுலயே வந்து 13-10-னு உங்களை அடிச்ச கூட்டத்துல இவனும் ஒருத்தன். அவனுக்கு இப்ப ஆரத்தியா?

சொக்கலிங்கம்: பகையாளி வீட்டுப் பிள்ளைதான். தத்து எடுத்த பிறகு நம்ம பிள்ளை. பள்ளிக்கூடத்துல மல்யுத்தம் பண்ணினவன். 296 பவுண்டு எடை. எதிராளி நெஞ்சுல கை எங்க வைக்கணும், இடுப்பை எவ்வளவு இறக்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரத்துல ஏற்கெனவே எங்க மைல்ஸ் கேரட் நிக்கிறான். அவனைத் தடுக்க எல்லா அணியும் ரெண்டு பேரை அனுப்புது. குவார்ட்டர்பேக் என்ன பண்றான்? ஓரத்துல ஆபத்துன்னு தெரிஞ்சதும் நேரா முன்னால ரெண்டு எட்டு வச்சு எறிஞ்சிடுறான். அந்த ரெண்டு எட்டு எடத்துல கிரஹாம் நின்னுட்டா? பின்னால போனா கேரட், முன்னால வந்தா கிரஹாம்.

முருகேசன்: இது நியாயமான பேச்சு. அதனாலதான் நாங்களும் இருபத்தொண்ணாவதுல அதே சரக்கை எடுத்தோம். டெரிக் ஹார்மன், ஆரிகன்.

சொக்கலிங்கம்: எடுக்காம என்ன பண்ணுவீங்க? ஜனவரியில பால்டிமோர்காரன் உங்க மேல 299 யார்டு ஓடினான். டெரிக் ஹென்றி மட்டும் 186. மாடு வைக்கப்போருக்குள்ள பூந்த மாதிரி.

முருகேசன்: நடுவுல சுவர் இடிஞ்சிருந்துச்சு, கொத்தனாரைக் கூப்பிட்டோம். தப்பா?

சொக்கலிங்கம்: சுவர் சரி. வீட்டுக்கு வாசல் எங்க? குவார்ட்டர்பேக் எங்க மாப்ள? உங்களுக்கு இந்த இருபத்தொண்ணே ராசியில்லாத நம்பர். 1983-ல இதே ஊர்ல பிறந்து, இதே ஊர் காலேஜ்ல படிச்ச டான் மரீனோ கைக்கெட்டுற தூரத்துல நின்னான். இருபத்தொண்ணாவதுல அவனை விட்டுட்டு டிஃபென்சிவ் லைன் ஆளை எடுத்தீங்க. மரீனோ இருபத்தேழுல மயாமிக்குப் போனான். அப்புறம் 2004-ல ராத்லிஸ்பர்கர் வர்ற வரைக்கும் இருபது வருஷம் அந்தப் பாவத்தைச் சுமந்தீங்க.

முருகேசன்: நம்பர் ராசி பத்தி நீங்க பேசலாமா? 2007-ல பிராடி க்வின், 2012-ல பிராண்டன் வீடன், 2014-ல ஜானி மன்ஸெல். மூணு பேரும் குவார்ட்டர்பேக், மூணு பேரையும் இருபத்திரண்டாவது பிக்லதான் எடுத்தீங்க! ஒரே கிணத்துல மூணு தரம் விழுந்தவனை நான் பிரவுன்ஸ்லதான் பார்த்தேன். அதுலயும் வீடனுக்கு எடுக்கும்போதே 28 வயசு. புதுமுகம்னு சொல்லி பேரன் எடுக்கிற வயசுல ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க.

சொக்கலிங்கம்: அதான் இந்தத் தடவை இருபத்திரண்டு பக்கமே போகலை. தொண்ணூத்திநாலாவதுல ஒரு குவார்ட்டர்பேக், நூத்திநாற்பத்திநாலாவதுல ஒரு குவார்ட்டர்பேக். டில்லன் கேப்ரியல், ஷெடூர் சாண்டர்ஸ்.

முருகேசன்: ஏற்கெனவே வாட்சன், ஃப்ளாக்கோ, பிக்கெட். ஆக ஐந்து. பஞ்ச பாண்டவர்! ஆடுகளத்துல பந்து ஒண்ணுதான் மச்சான்.

சொக்கலிங்கம்: வாட்சனுக்குக் குதிகால் நரம்பு ரெண்டாந்தடவை அறுந்து கிடக்கு, அவரை எண்ணாதீங்க. ஃப்ளாக்கோவுக்கு நாற்பது வயசு. அவர் வனவாசமெல்லாம் முடிச்சவர்.

முருகேசன்: பிக்கெட்டு?

சொக்கலிங்கம்: அது உங்க வீட்டுப் பிள்ளை. 2022-ல இருபதாவது இடத்துல எடுத்துத் தலையில தூக்கி வச்சு ஆடினீங்க. ரெண்டே வருஷத்துல பிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிட்டீங்க. அவன் அங்க பெஞ்சுல உக்காந்து சூப்பர் பௌல் சாம்பியன் மோதிரமே வாங்கிட்டான்.

முருகேசன்: கை சின்னது மச்சான். டிராஃப்டுக்கு முந்தி நடக்குற கம்பைன் சோதனையில கட்டை விரல் நுனியிலேர்ந்து சுண்டு விரல் நுனி வரைக்கும் விரிச்சு அளந்தாங்க, எட்டரை அங்குலம்தான் வந்துச்சு. நம்ம ஊர்க் கணக்குல ஒரு சாண் ஒன்பது அங்குலம். அவனுக்குக் கையே முக்காலே மூணு வீசம் சாண். டிசம்பர் குளிர்ல, மழையில, அந்தப் பந்து கையில நிக்குமா? ரெண்டு கையிலும் கிளவுஸ் போட்டுத்தான் ஆடுவான்.

சொக்கலிங்கம்: கேப்ரியலுக்கு உயரம் ஐந்தடி பதினொண்ணு. அவனையும் சொல்லுவீங்க. மூணு காலேஜ், ஆறு சீசன் ஆடி அனுபவம் பழுத்தவன் மாப்ள. குட்டையா இருந்தாலும் பந்து சட்டுனு கையை விட்டுப் போயிடும். அடிபட நேரமே குடுக்கமாட்டான்.

முருகேசன்: அப்ப சாண்டர்ஸ் எதுக்கு?

சொக்கலிங்கம்: முதல் ரவுண்டுல போவான்னு எல்லாரும் சொன்ன பையன் ஐந்தாம் ரவுண்டு வரைக்கும் கிடந்தா? பட்டுப்புடவை ஆடித் தள்ளுபடியில வந்தா வீட்டுல இருந்தாலும் எடுக்கிறதில்லையா? 166-ஐயும் 192-ஐயும் சியாட்டிலுக்குக் குடுத்து மேல ஏறிப் பிடிச்சோம். 2011-லேர்ந்து புதுசா வர்றவன் சம்பளம் பிக் நம்பரைப் பொறுத்து ஏறக்குறைய நிர்ணயம், நாலு வருஷ ஒப்பந்தம். ஐந்தாம் ரவுண்டு ஆள் தேறினா வாட்சன் காசுல பத்துப் பைசா. தேறலைன்னா நஷ்டம் ரெண்டு சில்லறை பிக்.

முருகேசன்: பட்டுப்புடவை சரி. ஆனா பயிற்சி முகாம்ல நிஜ ஆட்டக்காரங்களோட ஓட்டிப் பார்க்க ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட தடவைதான் கிடைக்கும். அதை நாலு பேருக்குப் பிரிச்சா ஒருத்தனுக்கும் பந்து பிடிக்கிறவனோட காலடி பழகாது. செப்டம்பர்ல நாலு பேரும் அரைவேக்காடு. உங்க ஊர்ல குவார்ட்டர்பேக் வீணாப்போறது திறமையில்லாம இல்லை, அடுப்பு ஒண்ணு, பானை நாலு.

சொக்கலிங்கம்: (பதில் தோன்றாமல் தயிர்சாதத்துக்கு மாறுகிறார்) பானையே இல்லாதவங்க பேசுறீங்க. நீங்க காத்திருக்கிற குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸ் என்ன சொன்னாரு?

முருகேசன்: யோசிக்கிறாரு.

சொக்கலிங்கம்: மார்ச்சுல வந்து ஆறு மணி நேரம் உக்காந்துட்டுப் போனாரே?

முருகேசன்: போனாரு.

சொக்கலிங்கம்: பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டாரு. பொண்ணு பாடினதைக் கேட்டாரு. "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்"னு சொல்லிட்டுக் கிளம்பினாரு. மாசம் ஒண்ணாச்சு. மாப்பிள்ளைக்கு 41 வயசு. இதுல பொண்ணு வீட்டார் வேற வரன் பார்க்காம வாசல்லயே நிக்கிறீங்க!

முருகேசன்: பார்த்தோமே. ஆறாம் ரவுண்டுல, 185-வது இடத்துல, வில் ஹவர்ட். ஒஹையோ ஸ்டேட்டுக்கு தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் குடுத்த குவார்ட்டர்பேக். நாலாம் ரவுண்டுல ஜாக் சாயர், அவனும் உங்க ஒஹையோ ஸ்டேட். உங்க ஊர்ப் பிள்ளைங்க எங்க வீட்டுல, மிச்சிகன்காரன் உங்க வீட்டுல. கலிகாலம்.

சொக்கலிங்கம்: ஜட்கின்ஸை மறந்துட்டீங்களா? முப்பத்தாறாவது, பந்தோட ஓடுற ரன்னிங் பேக், ஒஹையோ ஸ்டேட்தான். மூணாம் ரவுண்டுல டைட் எண்ட் ஹெரல்ட் ஃபானின், ஒரே சீசன்ல 117 பந்து பிடிச்சவன். பிறந்த ஊரு கான்டன். ஜாம்பவான்களுக்குச் சிலை வைக்கிற ஹால் ஆஃப் ஃபேம் கட்டடம் இருக்கிற ஊரு! சிலை வைக்கப் போக்குவரத்துச் செலவுகூட இல்லை.

முருகேசன்: ஒரு ஆட்டம்கூட ஆடலை, அதுக்குள்ள சிலையா?

சொக்கலிங்கம்: ஆறாம் ரவுண்டு ஹவர்டை நீங்க ஜாம்பவான் குவார்ட்டர்பேக் டாம் பிரேடின்னு நினைக்கலையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க.

முருகேசன்: (சற்று நெளிந்து) பிரேடியும் ஆறாம் ரவுண்டுதானே, 199. பதினாலு இடம் முன்னாடியே எடுத்திருக்கோம்னா...

சொக்கலிங்கம்: 2000-ல அந்த பிரேடியை விட்டுட்டு நீங்க 163-ல எடுத்த குவார்ட்டர்பேக் யாரு?

முருகேசன்: டீ மார்ட்டின். நீங்க 183-ல?

சொக்கலிங்கம்: ஸ்பெர்கன் வின்.

(இருவரும் ஒரு நிமிடம் மௌனமாகப் புளியோதரையில் நிலக்கடலை தேடுகிறார்கள்.)

முருகேசன்: சரி விடுங்க. நாங்க 2003-க்குப் பிறகு ஒரு சீசன்கூடப் பாதிக்குக் கீழ போனதில்லை. ஆறு சூப்பர் பௌல்.

சொக்கலிங்கம்: பிளே-ஆஃப்ல கடைசியா ஜெயிச்சது 2017 ஜனவரி. அப்புறம் ஆறு தோல்வி. அதுல ஒண்ணு 2021 ஜனவரி, இதே ஊர்ல, 48-37. ஜெயிச்சது யாருன்னு சொல்லட்டுமா? முதல் பந்தே உங்க குவார்ட்டர்பேக் தலைக்கு மேல பறந்து...

முருகேசன்: வேண்டாம், கோயில்ல இருக்கோம். அடுத்த வருஷ டிராஃப்ட் பிட்ஸ்பர்க்ல நடக்குது, உங்களுக்கு முதல் ரவுண்டுல ரெண்டு பிக். எங்க வீட்டுலதான் வந்து தங்கணும். பாயும் தலகாணியும் ரெடி.

சொக்கலிங்கம்: வர்றேன். ஆனா அப்ப நாங்க ஜெயிச்ச அணி, கடைசிப் பந்திதான். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருக்கணும்.

(சன்னதியிலிருந்து முருகேசனின் மனைவி வருகிறாள். கையில் இரண்டு அர்ச்சனைச் சீட்டு.)

தங்கை: அண்ணே, இது என்ன எழுதியிருக்கீங்க? "ஏசன் கிரஹா"ன்னு இருக்கு. பட்டர் யாரு இதுன்னு கேக்குறாரு.

சொக்கலிங்கம்: மிச்சிகன்காரன் பேரும்மா. ரெண்டு 'எம்'மையும் எடுத்துட்டு எழுதினேன். ஒஹையோல இருந்துட்டு அதுக்கு மேல மனசு வரலை. கோத்திரம் தெரியாதுன்னு சொல்லு.

தங்கை: (கணவனிடம்) இது உங்க கையெழுத்துதானே? "ஆரோன், வயது 41, திருமணத் தடை நீங்க"ன்னு போட்டிருக்கு. நம்ம குடும்பத்துல யாருங்க அது?

(முருகேசன் டிஷ்யூவை எடுத்து வாயைத் துடைக்கிறார். ஜிம்மி ஜான்சன் அட்டவணை முழுவதும் மீசையில் ஒட்டிக்கொள்கிறது.)